ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஐயம்பேட்டை என்று ஒரு நெசவு ஊர். அங்கே யாரிடமாவது ஒரு பட்டுப் புடவையை நீட்டிப் பாருங்கள். ஒரு இழையை உருவிக் கொளுத்தி மோந்து பார்ப்பார். முடி பொசுங்குகிற வாசனை வந்தால் பட்டு. ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். கரை கோர்வையா இல்லையா என்பதைப் புடவையின் பின்பக்கமே சொல்லிவிடும். அவரை ஏமாற்றி ஒரு முழம் விற்க முடியாது.

அதே வீட்டுப் பரணில் பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி ஒன்று கிடக்கும். மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி வெளிர் மஞ்சள். இது எந்த ஊரில் செய்தது, யார் செய்தது என்று கேளுங்கள். “அதுங்களா? ஜாடிங்க” என்பார்.

அவரைக் குறை சொல்லவில்லை. மயிலாப்பூரிலும் மதுரையிலும் இதே பதில்தான். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழமாவது கிடைத்தது, பீங்கானுக்கு அதுவும் கிடையாது. பழைய சாமான்காரரிடம் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். கொஞ்ச நாள் கழித்து அதே ஜாடி, கழுத்தில் சணல் கயிறும் வயிற்றில் மணிபிளான்ட்டுமாக, ஈ.சி.ஆர். கடையில் ‘ஆன்ட்டீக்’ என்று உட்கார்ந்திருக்கிறது. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வருகிறார்கள்.

அமெரிக்காவைப் பார் என்று யாராவது எழுதினால் எனக்கே எரிச்சல் வரும். இந்த ஒரு விஷயத்தில் பார்க்கத்தான் வேண்டும். சின்சினாட்டி நகரில் 1880-ல் ரூக்வுட் என்ற மட்பாண்டத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். 1886-ல் பெயரின் இரண்டு எழுத்துகளைப் பின்னி ஒரு முத்திரை போட்டார்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தீச்சுடராக அதன் தலையில் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1900-ல் பதினான்கு சுடர். அதற்கு மேல் இடமில்லாமல் ரோமன் எண்ணுக்கு மாறினார்கள். ஆக, பூச்சாடியைக் கவிழ்த்துச் சுடரை எண்ணினால் பிறந்த வருஷம் தெரிந்துவிடும். எட்டாம் கிளாஸ் பையன் போதும்.

இன்னொரு கம்பெனி ரோஸ்வில். 1990-களில் சீனாவிலிருந்து அதன் போலிகள் வந்து குவிந்தன. பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அசலில் பெயருக்குக் கீழே இருக்கும் ‘யு.எஸ்.ஏ.’ மட்டும் போலியில் காணோம். அதுபோக, அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலி கொஞ்சம் சின்னதாக இருக்கும், ஏனென்றால் களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். சேகரிப்பவர்கள் இன்ச் டேப்போடு கிளம்பினார்கள். அசல் அளவுகளைக் கையேடாகவே போட்டு வைத்திருந்தார்கள்.

நம்மிடம் முத்திரை இல்லையா? இருக்கிறது சார். பல ஜாடிகளின் அடியிலோ தோளிலோ கம்பெனிப் பெயரும் எண்ணும் பதித்திருக்கும். குவாலியரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பீங்கான் வந்த நாடு இது. அவ்வளவு தூரம் ஏன்? ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ராணிப்பேட்டை, பாரி கம்பெனியின் பீங்கான் ஊர். இன்றைக்குப் பாரிவேர் என்றால் நமக்குக் கழிப்பறை மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

முத்திரையில் என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்த் தட்டுகளின் உடைசல்கள் கிடைத்தன, சிலவற்றில் குயவர் முத்திரையோடு. அந்த வகைப் பாண்டத்தின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அதை வைத்து, கூடக் கிடைத்த நம் ஊர்ப் பாண்டங்களுக்கும் காலம் சொன்னார். தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு பிடிமானம். பின்னால் வந்தவர்கள் காலக்கணக்கைத் திருத்தினார்கள் என்பது வேறு கதை. பெயரைப் பதித்த எங்கோ ஒரு குயவனும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் இல்லாவிட்டால் அது வெறும் ஓடு.

கடைக்காரர்களுக்கு வருகிறேன். ‘நூத்தம்பது வருஷப் பழசு சார்’ என்பார்கள். ரொம்ப சந்தோஷம். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டியது தொல்பொருள், விற்க லைசென்ஸ் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. “லைசென்ஸ் காட்டுங்க” என்று கேட்டுப் பாருங்கள். ஜாடிக்கு சட்டென்று வயசு குறையும்.

அடிவிளிம்பையும் பாருங்கள். தரையில் இழுத்து இழுத்து வைத்த ஜாடியில் கீறல் பல திசையில் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் ஒரே திசையில் ஓடும். மெருகில் இருக்கிற மயிரிழை வெடிப்புகளில் டீ டிகாக்‌ஷன் ஊற்றிப் பழசாக்குகிற வித்தையும் உண்டு. வர்ணம் தீட்டிய பழைய அலங்கார ஜாடி வாங்கினால் அலமாரியோடு நிறுத்துங்கள். அந்த மெருகில் ஈயம் இருக்கலாம், எலுமிச்சை ஊறுகாய் போட்டால் புளிப்பில் அது இறங்கும்.

பட்டுக்கு 2004-ல் ‘சில்க் மார்க்’ கொண்டுவந்தோம். எழும்பூர் மியூசியம் 1851-லிருந்து இருக்கிறது. ராணிப்பேட்டையில் என்ன முத்திரை, குவாலியரில் என்ன முத்திரை, எந்த வருஷத்தில் எது என்று படம் போட்டு, தமிழில், ஐம்பது ரூபாய்க்கு ஒரு சின்னப் புத்தகம் அவர்கள் போடலாம். பாரி கம்பெனியில் களிமண் பிசைந்த பெரியவர்களை இப்போதே போய்க் கேட்டால்தான் உண்டு.