காலிச் சங்கு என்று நினைத்தோம்

ஹைதராபாத்தில் பிறந்து வளரும் நம்மவர் குழந்தைகளுக்குப் பெரிய தண்ணீர் என்றால் ஹுசேன் சாகர்தான். ஆகவே சார்மினார் எக்ஸ்பிரஸில் சென்னை போய் இறங்கியதும் அவர்களுடைய முதல் கோரிக்கை கடற்கரை. (பொங்கல் சமயத்தில் அந்த வண்டியில் இடம் பிடிப்பது ரயில்வே குமாஸ்தாவுக்கே பெரும்பாடு என்பதை நண்பர்கள் நம்புவதில்லை!)

2025 ஜனவரியில் குடும்ப சகிதம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். மாலையில் போனால் சுண்டலையும் ஜனக் கூட்டத்தையும் தவிர ஒன்றும் தெரியாது, விடியுமுன் போங்கள் என்றார் மாமனார். நல்ல யோசனை. ஆளில்லாத மணலில் நண்டுகள் காம்புக் கண்களைத் தூக்கிப் பார்த்தன. ஓரடி வைத்ததும் வளைக்குள் மறைந்தன. அலை வடியும் ஈர மணலில் கட்டைவிரல் அளவுப் பூச்சிகள் பின்பக்கமாகவே புதைந்துகொண்டன. அவையும் நண்டு இனந்தானாம். ஓரிடத்தில் ஒரு சங்கு தானாக நடந்தது! உள்ளே துறவி நண்டு. செத்த நத்தையின் ஓட்டில் குடியிருந்து, உடம்பு பெருக்கப் பெருக்கப் பெரிய ஓடு தேடும் ஜீவன். வாடகை வீட்டுக்காரர்களான நமக்கு அதன் கஷ்டம் புரியும்.

சற்றுத் தள்ளி ஓர் ஆமை செத்துக் கிடந்தது. மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி.

"ஆமை தண்ணீரில் மூழ்கிச் சாகுமா அப்பா?" என்றாள் மகள்.

சாகும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாது. அந்தப் பருவத்தில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிட வந்த தாய்கள் எத்தனையோ!

சட்டம் இல்லாமலில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்குத் தரும் அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பை இந்த ஆமைக்கும் தருகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்ற விதியும் உண்டு. வலையில் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டமும் இருக்கிறது. மீனவரைத் திட்டிப் பயனில்லை. டீசல் செலவும் கடனும் அவர்களை விரட்டுகின்றன. அந்தச் சட்டத்தை அரசே இலவசமாகக் கொடுத்து, ஜனவரி முதல் ஏப்ரல் வரையாவது கடலில் ரோந்தை உண்மையாக நடத்தட்டும்.

நம் பங்குக்கும் குற்றம் உண்டு. திரும்பும் ரயிலில், வாரங்கல் வருமுன்னரே மகனுடைய பையிலிருந்து நாற்றம். காலி என்று நினைத்து அவன் எடுத்த சங்கில் துறவி நண்டு குடியிருந்திருக்கிறது. "எடுத்துக்கோடா" என்று சொன்னவன் நான்தான்.

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்தும் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று உண்டு. இரவெல்லாம் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்தில் பொரிக்க வைக்கிறார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஓடுபவை; தெருவிளக்கைக் கடல் என்று நம்பிச் சாலைக்கு வந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பொதுமக்களும் கூட நடக்கலாம். வரும் பிப்ரவரிக்கு லீவு மனு கொடுத்திருக்கிறேன். இம்முறை பை கொண்டுபோவதில்லை என்று மகனிடம் சொல்லியாயிற்று.