டிசம்பர் 11: நாளைப் போற்றுவதா, நூலைப் போற்றுவதா?

பிறந்தோர், மறைந்தோர், நிகழ்ந்தவை எனப் பட்டியலிட்டு ‘வரலாற்றில் இன்று’ என்னும் பகுதியை நாளேடுகள் வெளியிடுகின்றன. பெயரையும் ஆண்டையும் அறிந்த அளவில் நம் கடமை முடிந்துவிடுமா? டிசம்பர் 11 என்னும் ஒரு நாளைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண்போம்.

இந்நாளில், 1882இல் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்தார். 1911இல் கெய்ரோவில் நகீப் மஹ்ஃபூஸ் பிறந்தார். 1918இல் உருசியாவில் சோல்செனிட்சின் பிறந்தார். இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி 2004இலும், சிதார் மேதை ரவிசங்கர் 2012இலும் மறைந்ததும் இந்நாளிலேயே. இவையெல்லாம் ஒரே நாளில் அமைந்தது தற்செயலே. ஆயின், எழுத்தாளர் மூவரும் தம் எழுத்திற்காகக் கொடுத்த விலை தற்செயலன்று.

ஆங்கில அரசின் அடக்குமுறையால் 1908இல் புதுச்சேரி சென்ற பாரதியார் பத்தாண்டுகள் அங்கேயே வாழ நேர்ந்தது. 1918இல் அவ்வெல்லையைக் கடந்தவுடன் கைது செய்யப்பட்டார். நண்பருக்கு எழுதிய மடலில் ஸ்டாலினைக் குறைகூறியதற்காக 1945இல் கைதான சோல்செனிட்சின் எட்டாண்டுத் தண்டனை பெற்றார். 1970இல் நோபல் பரிசு பெற்ற அவரை 1974இல் அவர்தம் நாடே வெளியேற்றியது. இருபதாண்டுகளுக்குப் பின்னரே அவர் தாயகம் திரும்பினார். அரபு மொழிக்கு முதல் இலக்கிய நோபல் பரிசை 1988இல் ஈட்டித்தந்த மஹ்ஃபூஸ், 1994இல் தம் 82ஆம் அகவையில் கத்திக்குத்துக்கு இலக்கானார். வலக்கை நரம்புகள் பழுதுற்று எழுதுகோல் பிடிப்பதே அரிதாயிற்று. எனினும் தாம் கண்ட கனவுகளைச் சின்னஞ்சிறு கதைகளாக்கி, எழுத்தை விடாது தொடர்ந்தார்.

பட்டியல் நினைவூட்டவாவது செய்கிறதே எனச் சிலர் கூறுவர். உண்மைதான். ஆயின் நினைவு, வாயிலோடு நின்றுவிடலாகாது. பாடலைக் கேளாது பாடகியைப் போற்றுதல் எங்ஙனம்? நூலைப் படியாது புலவனைப் போற்றுதலும் அத்தகையதே. படிக்காத கூட்டமே எழுத்தைக் கண்டு அஞ்சுகிறது. அஞ்சியபின் எழுதிய கையை ஒடிக்கத் துணிகிறது.

ஆதலின் மாணவ நண்பர்களே! டிசம்பர் 11 அன்று பாரதியார் படத்திற்கு மாலை சூட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதனோடு அவர்தம் கட்டுரை ஒன்றையும், மஹ்ஃபூஸின் கதை ஒன்றையும், சோல்செனிட்சினின் சில பக்கங்களையும் வகுப்பில் உரக்கப் படியுங்கள். உடன்படாத இடத்தில் வாதிடுங்கள். நம்மிடையே இன்று வாழும் எழுத்தாளன் நமக்கு உவப்பில்லாத ஒன்றை எழுதும்போதும், அதனை முழுதும் படித்த பின்னரே தீர்ப்புரைப்போம். அதுவே அந்நாளுக்கு நாம் செய்யும் மெய்யான சிறப்பு.