காசு கொடுத்துக் கேள்வி கேட்க வைப்பது

"லைஃப் கோச்னு ஒருத்தங்ககிட்ட மாசம் ரெண்டு தடவை பேசறேன் நைனா" என்று போனில் சொன்னேன்.

"கோச்சா? ஏசியா, ஸ்லீப்பரா?"

முப்பத்தோரு வருஷம் ஆர்.டி.சி.யில் கண்டக்டராக இருந்தவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? (சித்தூர் பக்கம் பல தமிழ் வீடுகளில் அப்பா என்றால் நைனாதான்.) விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "புத்தி சொல்றதுக்குக் காசா? நான் சும்மாவே சொல்வேனேடா" என்றார்.

நியாயமான கேள்விதான். இரண்டு வருஷம் முன்னால் யாராவது இதைப் பற்றி என்னிடம் பேசியிருந்தால் நானும் இதே நக்கலைத்தான் அடித்திருப்பேன். வேலை இல்லாதவன் வேலை இருப்பவனுக்கு வாழ்க்கையைச் சொல்லித் தருவதற்குப் பெயர் கோச்சிங் என்று ஆபீஸ் கேன்டீனில் சொல்லிச் சிரித்தவன்தான் நான். இப்போது கட்சி மாறிவிட்டேன். ஆனால் முழுசாக மாறவில்லை.

ஒரு சின்ன விஷயம். நைனா ரயில் பெட்டியைப் பற்றிக் கேட்டது அப்படி ஒன்றும் தப்பில்லை. ஹங்கேரியில் கோச் என்று ஒரு ஊர். அங்கே செய்த குதிரை வண்டிக்குத்தான் முதலில் அந்தப் பெயர் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பையன்கள், பரீட்சைக்குத் தயார் செய்கிற வாத்தியாரை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து விளையாட்டு மைதானத்துக்குப் போய், 1974-ல் டிமதி கால்வே எழுதிய டென்னிஸ் புத்தகம் வழியாக ஆபீசுக்கு வந்து, இப்போது வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். நான் டேமேஜர் ஆன புதிது. டீமில் இரண்டு பேர் அடுத்தடுத்து பேப்பர் போட்டுவிட்டார்கள். போகும்போது என்னைப் பற்றி எழுதி வைத்துவிட்டுப் போனது அவ்வளவு இனிப்பாக இல்லை. கம்பெனி செலவில் ஆறு தடவை கோச்சிடம் பேசச் சொன்னார்கள். தண்டனை மாதிரிதான் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் நாற்பது நிமிஷம் புலம்பினேன். அந்த அம்மா ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. கடைசியில், "அந்த இரண்டு பேரும் போவதற்கு முன்னால் உங்களிடம் எத்தனை தடவை பேச வந்தார்கள்?" என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை.

அதுல் கவாண்டே என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 2011-ல் நியூயார்க்கர் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எட்டு வருஷ அனுபவத்துக்குப் பிறகு தன் கை அதற்கு மேல் முன்னேறவில்லை என்று தோன்ற, ஓய்வு பெற்ற தன் பழைய ஆசிரியரை ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்து பார்க்கச் சொல்கிறார். அவர் ஓரமாக நின்று குறிப்பெடுக்கிறார். விளக்கின் வெளிச்சம் காயத்தை விட்டு நகர்ந்துபோய் அரை மணி நேரமாக அப்படியே இருந்ததை, முழங்கை மேலே தூக்கிக்கொள்வதை எல்லாம் சொல்கிறார். அவ்வளவு பெரிய டாக்டருக்கே தன் முழங்கை தெரியவில்லை. நாம் எந்த மூலை!

ஆறு தடவை முடிந்தது. அதற்கு மேல் என் கைக்காசு. காரணம் ஆபீஸ் இல்லை, நைனா.

அம்மா போன பிறகு அவர் சித்தூரில் தனியாக இருக்கிறார். எழுபத்தெட்டு வயசு. நான் டல்லாஸில். திரும்பிப் போவதா, அவரை இங்கே கூட்டி வருவதா, திருப்பதியில் வயசானவர்களுக்கான ஃப்ளாட் ஏதாவது பார்ப்பதா? மூன்று வருஷமாக இதே அரைத்த மாவு. அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பெங்களூரு அக்கா வா என்பார். மாமனார் வராதே என்பார். திருத்தணி பெரியப்பா இரண்டையும் ஒரே போனில் சொல்வார். ஜோசியர் தன் பங்குக்கு ஆடி போகட்டும் என்பார். ஒவ்வொருவரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் என் முடிவில் ஒரு பங்கு இருக்கிறது. நான் வந்தால் அக்காவின் பாரம் குறையும். நான் வராவிட்டால் மாமனாரின் பெண் டாலரில் இருப்பாள். நண்பர்களோ தாங்கள் எடுத்த முடிவு சரி என்று என்னை வைத்து நிரூபிக்கப் பார்க்கிறார்கள்.

அம்மா இருந்திருந்தால் பூ கட்டிப் பார்த்திருப்பார். 2004-ல் எனக்குச் சென்னை வேலையா, வெளிநாடா என்று வந்தபோது அப்படித்தான் செய்தார். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ, இரண்டு பொட்டலம், பக்கத்து வீட்டுக் குழந்தை. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, நான் விமானம் ஏறியதும் திருப்பதிக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். நான் இதைக் கேலி செய்யவில்லை. முடிவின் கனத்தைக் கொஞ்ச நேரம் வேறு ஒருவரிடம் இறக்கி வைக்காமல் மனிதனால் இருக்க முடியாது. ஆனால் ஏழுமலையான் நாம் கேட்பதைக் கேட்டுக்கொள்வார். திருப்பிக் கேட்க மாட்டார்.

அந்த அம்மா திருப்பிக் கேட்டார். நான் எல்லோருடைய கட்சியையும் ஒப்பித்து முடித்ததும், "ஆறு பேர் என்ன நினைக்கிறார்கள் என்று சொன்னீர்கள். அந்தப் பட்டியலில் உங்கள் அப்பா இல்லையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷத்தில் நைனாவிடம் நான் கேட்டதெல்லாம் பி.பி. எவ்வளவு, மாத்திரை போட்டாச்சா, வேலைக்காரம்மா வந்தாங்களா. உனக்கு என்ன வேணும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் "நீ வந்துடுடா" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். அந்தப் பயமும் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அந்த வாரம் கேட்டேன். முதலில் கோபம் வந்தது அவருக்கு. "என்னை என்ன பார்சல்னு நினைச்சியா, எங்க இறக்கறதுன்னு ஆளாளுக்குப் பேசிக்கிறீங்க?" அப்புறம் சொன்னார். "நீ வந்து என்ன பண்ணப் போற? கட்டமஞ்சி ஏரிப் பக்கம் காலையில நாலு பேர் நடக்கறோம். டிப்போ ஆளுங்க. அதை விட்டுட்டு நான் எங்கயும் வரல. கண்ணு ஆபரேஷனுக்கு ஒரு மாசம் வா. அப்புறம் ஞாயித்துக்கிழமை போன் பண்ணா மாத்திரைக் கணக்கு கேக்காத. வேற ஏதாச்சும் பேசு."

அவ்வளவுதான். மூன்று வருஷப் பிரச்னைக்கு அவர் வைத்திருந்த பதில் அரை நிமிஷம். (இதுதான் சரியான முடிவு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அவர் எனக்காகவே சொல்லியிருக்கலாம். அந்தச் சந்தேகம் இன்றைக்கும் இருக்கிறது.)

ஞாயிறுதோறும் அரை மணி நேரம், மாத்திரைப் பேச்சு இல்லாமல் பேசுவேன் என்று கோச்சிடம் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, "பேசினீர்களா?" என்றார். ரிலீஸ் இருந்தது, ஆணி ஜாஸ்தி என்று இழுத்தேன். திட்டவில்லை. "சரி, இந்த ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்றார். இந்த இடத்தில்தான் எனக்குக் காணிப்பாக்கம் நினைவுக்கு வந்தது. சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வரசித்தி விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் தண்டனை நிச்சயம் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. கடன் தகராறு, திருட்டு வழக்கு எல்லாம் அங்கே வந்து முடியும். குடிக்கிறவர்கள் குளத்தில் முழுகிவிட்டு, ஈரத்துணியோடு "இனி தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்வார்கள். வீட்டில் பெண்டாட்டியிடம் ஆயிரம் தடவை சொன்ன அதே வாக்கியம்தான். வெளியே ஒரு சாட்சி முன்னால் சொல்லும்போது அதற்கு வேறு எடை வந்துவிடுகிறது. கோச்சிடம் எனக்குக் கிடைத்ததில் பாதி இந்தச் சாட்சிதான்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் ஏன் முழுசாகக் கட்சி மாறவில்லை? எங்கள் மாவட்டத்து ஆள் ஒருவர் குறுக்கே நிற்கிறார்.

நைனா கொஞ்ச காலம் மதனப்பள்ளி ரூட்டில் ஓடினார். லீவில் நானும் கூடவே போவேன். அந்த ஊரில்தான் 1895-ல் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். (2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது மதனப்பள்ளி சித்தூரை விட்டுப் போனது. எனக்கு அது இன்னும் எங்கள் மாவட்டம்தான்.) 1909-ல் அடையாறு கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பையனை தியோசாஃபிகல் சொசைட்டியின் லெட்பீட்டர் பார்த்து, இவன்தான் வரப்போகிற உலக குரு என்றார். அன்றிலிருந்து என்ன சாப்பிட வேண்டும், எப்படி உடுத்த வேண்டும், என்ன படிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானித்தார்கள். 1911-ல் அவரைத் தலைவராக வைத்து உலகளாவிய ஒரு சபையே ஆரம்பித்தார்கள். பையன்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவர் அப்பா வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 1913-ல் அப்பா பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்னி பெசன்ட் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1914-ல் ஜெயித்தார். அங்கே எடுபட்ட காரணங்களில் ஒன்று, அந்தப் பையன்களின் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை என்பது.

இதைப் படித்தபோது நைனாவின் பார்சல் கோபம் ஞாபகத்துக்கு வந்தது.

தம்பி நித்யாவுக்குக் காசநோய். அவன் உயிருக்கு ஆபத்தில்லை என்று வழிகாட்டிகள் தந்த உறுதியைக் கிருஷ்ணமூர்த்தி நம்பினார். 1925 நவம்பரில் தம்பி இறந்த செய்தி வந்தபோது அவர் கப்பலில் இருந்தார். 1929 ஆகஸ்ட் 3-ம் தேதி ஹாலந்தில் ஓமன் என்ற இடத்தில், அன்னி பெசன்ட்டும் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களும் கேட்டுக்கொண்டிருக்க, அந்தச் சபையைக் கலைத்தார். நன்கொடையாக வந்த சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தார். குரு என்று யாரும் வேண்டாம் என்று 1986-ல் சாகிற வரை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அதைக் கேட்க அவர் காலடியிலேயே ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது என்பது வேறு விஷயம். :-)

லைஃப் கோச் என்ற சொல்லைக் கேட்டிருந்தால் மனுஷன் என்ன சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாதி ஒத்துக்கொள்கிறேன். ஏழெட்டு மாதம் போனதும் எனக்கே அந்த வியாதி வந்தது. கார் வாங்குவதற்குக்கூட "அடுத்த தடவை அவரிடம் கேட்டுக்கலாம்" என்று தோன்றியது. அவரே அதைக் கவனித்துவிட்டார். "இதற்கு நான் எதற்கு?" என்றார். நல்ல கோச்சுக்கும் மற்றவர்களுக்கும் நான் கண்ட வித்தியாசம் இதுதான். உங்களை வரவிடாமல் செய்வதில் அவருக்கு வருமான நஷ்டம் இருந்தும் அதைச் செய்கிறாரா என்று பாருங்கள்.

மற்றவர்கள் என்றதும் சொல்ல வேண்டும். இந்தியாவில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்சும் வேண்டாம். அமெரிக்காவிலும் அதே கதைதான். 1995-ல் தாமஸ் லெனார்ட் என்பவர் தொடங்கிய சர்வதேச கோச்சிங் சம்மேளனம் ஒன்று சான்றிதழ் தருகிறது. கடைசிப் படிக்கு 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்த அனுபவம், அடுத்ததற்கு 500, உச்சிக்கு 2,500 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் சட்டமில்லை, ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. மூன்று மாதத்தில் கோடீஸ்வரன், ஒரே வாரத்தில் மனைவி அடங்குவாள் என்கிற யூட்யூப் பேர்வழிகளிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், ஓடிவிடுவார்கள்.

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம். தூக்கமே வரவில்லை, எழுந்திருக்கப் பிடிக்கவில்லை, செத்துப் போகலாமா என்று தோன்றுகிறது என்றால் அது கோச்சின் வேலை இல்லை. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இந்தியாவில் இருந்தால் 14416, டெலி மானஸ். 2022-ல் ஆரம்பித்த அரசாங்கச் சேவை, தமிழிலும் தெலுங்கிலும் பேசுவார்கள். அம்மா போன வருஷம் எனக்கே அது தேவைப்பட்டிருக்கும். கோச்சுக்கும் டாக்டருக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்தேன்.

பதினாலு மாதத்தில் நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை. மாம்பழ விலை, டிப்போ பென்ஷன் அரசியல், எந்தக் கண்டக்டர் எந்த வருஷம் சஸ்பெண்ட் ஆனார் என்று என்னென்னவோ பேசுகிறோம். அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன், திருப்பதியில். டிக்கெட் போட்டாச்சு.

போன வாரம் திடீரென்று, "அந்தக் கோச்சம்மாவுக்கு மணிக்கு எவ்ளோடா குடுத்த?" என்றார்.

ரூபாயில் மாற்றி, பாதியைத்தான் சொன்னேன்.

"அடப்பாவி" என்றார். "அந்தக் காலத்துல எனக்கு மூணு மாச சம்பளம்டா அது."