ஆர்.சி. புத்தகத்தின் பழைய பெயர்கள்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் வெளிவந்த முதல் சான்ட்ரோக்களுக்கு 25 வயது கடந்துவிட்டது. நாளைக்கு அவற்றைத் தேடி வாங்குவோர், பழைய சரித்திரத்தை யாரிடம் கேட்பார்கள்?

பெருங்களத்தூர் ஆலையின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஆலை மூடப்பட்டாலும் ஆர்.சி. புத்தகத்தின் பெயர்மாற்றப் பக்கங்களில் முந்தைய உரிமையாளர்கள் முகவரியோடு இருக்கிறார்கள். ஒரு கடிதம் போட்டால், எஞ்சின் எப்போது மாற்றப்பட்டது, முதல் வண்ணம் எது, யார் கல்யாணத்துக்கு ஓடியது என்று மகனோ பேத்தியோ எழுதக்கூடும். இன்றைய ஸ்மார்ட் அட்டையோ, நாம் எத்தனையாவது உரிமையாளர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இணையப் பதிவேட்டிலும் பெயர்கள் மறைக்கப்படுகின்றன. அந்தரங்கம் கருதி அது சரியே. ஆகவே சாவி கைமாறும் அன்றே, விற்பவர் சம்மதித்தால், அவர் முகவரியையும் அவருக்கு முன்னிருந்தவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வண்டியிலேயே வைத்துவிடலாம் என்பது நம் யோசனை.