வானத்திலே ஒரு பரண்

விருந்தினன் ஒருவன் வருகிறான் என்று வாசலிலே விளக்கேற்றி, வீட்டார் அனைவரும் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கின்றனர். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்புறத்துச் சுவரேறிக் கள்வன் குதிக்கிறான். நாடகத்துக்கு ஏற்ற காட்சி என்பீர்கள். நாடகம் எழுதுபவன்தான் நான். ஆனால் இந்தக் காட்சியை எழுதியவன் நானல்லன். வானம் எழுதிற்று! 2013ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் அது அரங்கேறிற்று.

அன்று விண்கல் ஒன்று பூமிக்கு 27,700 கிலோமீட்டர் உயரத்திலே கடந்து செல்லும் என்று ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே கணித்திருந்தனர். '2012 டிஏ14' என்று அதற்குப் பெயரும் இட்டிருந்தனர். உலகத்துத் தொலைநோக்கிகளெல்லாம் அந்த விருந்தினனை வரவேற்றிடக் காத்திருந்தன. அதே நாள் காலையிலே, அதற்குச் சற்றும் உறவில்லாத வேறொரு கல், யாரும் எதிர்பாராத திக்கிலிருந்து வந்து, ரஷ்ய நாட்டின் யூரல் மலைப்பகுதியிலே செல்யாபின்ஸ்க் நகருக்கருகே வெடித்தது!

சூரியனையும் மிஞ்சிய ஒளி! என்னவென்று காண மக்கள் சாளரத்தருகே ஓடினர். ஒளி முந்திக்கொண்டது, ஓசை பிந்தி வந்தது. நிமிடம் ஒன்று கடந்த பின்னர் வந்தடைந்த அதிர்வு, கண்ணாடிகளைத் தூளாக்கி, வேடிக்கை பார்த்தோரின் முகத்திலே வீசியது. காயமுற்றோர் ஏறத்தாழ 1,500 பேர். சேதமுற்ற கட்டடங்கள் ஆயிரக்கணக்கில். கல்லின் அகலமோ 20 மீட்டர்தான்! அதன் ஆற்றலோ ஹிரோஷிமாவை எரித்த குண்டினைப்போல் முப்பது மடங்கு. மிக உயரத்தில் வெடித்தமையால் எவரும் மாளவில்லை.

ஏன் காணவில்லை அதனை? கதிரவன் இருக்கும் திக்கிலிருந்து வந்தது அது. பகல் வானத்திலே பூமியின் தொலைநோக்கி குருடு. கள்வனுக்கு வெளிச்சமே மறைவிடமாயிற்று!

இதனை ஒரு கூட்டத்திலே நான் எடுத்துரைத்தபோது, முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி! வயிற்றுக்குச் சோறில்லாதவன் வாசலிலே நிற்கிறான். வானத்திலே கண்ணாடி வைத்து எதைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்றார். கைதட்டல் எழுந்தது. எனக்கல்ல, அவருக்கு!

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நியாயமான கேள்வி. கொடி நாட்டிப் பெருமை பேசுவதற்கென்று கோடிகள் விண்ணிலே கரைந்த கதைகளும் உண்டு. ஆனால், தோழர்களே, பகட்டு வேறு, காவல் வேறு.

தினைப்புனத்தை எண்ணிப் பாருங்கள். கதிர் முற்றும் காலத்தில் குறிஞ்சி நிலத்தான் பரண் அமைத்தான். மகளைப் பரண்மீது ஏற்றிக் கையிலே கவண் கொடுத்தான். பணம் மிகுந்தா அதைச் செய்தான்? இல்லை! விளைந்தது அந்தத் தினை ஒன்றே. அதுவும் போனால் அடுப்பு எரியாது என்பதால் செய்தான். காவல் என்பது செல்வரின் கேளிக்கையன்று. இழக்க வேறொன்றும் இல்லாதவனின் முதற்கடமை. பூமி என்னும் இந்தப் புனத்தை விட்டால், நமக்கு வேறு புனம் ஏது?

பரணை ஏன் விண்ணிலே அமைத்திட வேண்டும்? விண்கற்களிலே பல, கரியினும் கருமையானவை. அவற்றின்மீது படும் ஒளியிலே மிகச் சிறு பங்கே நம்மை நோக்கித் திரும்புகிறது. ஆனால் வெயிலில் காய்ந்த பாறை வெப்பத்தை வீசாதிருக்குமா? அந்த வெப்பத்தை, அகச்சிவப்புக் கதிரை, காணும் கண் வேண்டும். பூமியின் காற்றோ அக்கதிரைப் பெரிதும் மறைக்கிறது. தானும் வெப்பம் வீசிக் கண்ணைக் கூசச் செய்கிறது. எனவேதான் காற்றுக்கு அப்பால், குளிர்ந்த வெளியிலே, அக்கண்ணைக் கொண்டுபோய் வைத்திட வேண்டும் என்கின்றனர் அறிஞர்.

2009இல் அமெரிக்கா அத்தகைய கண்ணொன்றை ஏவியது. வைஸ் என்று பெயர். குளிரூட்டும் பொருள் தீர்ந்தது. 2011இல் அதை உறங்க வைத்தனர். செல்யாபின்ஸ்க் வெடித்த அதே 2013இன் இறுதியிலே, உறங்கியதைத் தட்டி எழுப்பி, விண்கல் வேட்டைக்கு அனுப்பினர். ஓய்வு பெற்ற காவலாளியை மீண்டும் அழைத்து வந்த கதை! பத்தாண்டுக்கு மேல் உழைத்து, 2024 ஆகஸ்டிலே பணி முடித்து, நவம்பரிலே காற்றில் எரிந்து மறைந்தது.

அடுத்த காவலாளி எங்கே? இங்கேதான் அரசியல் நுழைகிறது!

140 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள கற்களிலே நூற்றுக்குத் தொண்ணூற்றை 2020க்குள் கண்டறிக என்று 2005இலேயே அமெரிக்க மன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் வந்தது, பணம் வரவில்லை! 2020 போயிற்று. ஏறத்தாழ 25,000 இருக்கும் என்று கணிக்கப்படும் அக்கற்களிலே பாதிகூட இன்னும் கணக்கில் ஏறவில்லை. சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலே நின்று காவல் காக்க, 'நியோ சர்வேயர்' என்னும் தொலைநோக்கியைத் திட்டமிட்டனர். அதற்கும் 2022இலே நிதியை வெட்டினர். புறப்பாடு ஈராண்டு தள்ளிப் போயிற்று. 2028 ஜூனுக்குள் அனுப்புவோம் என்று இப்போது உறுதி கூறியுள்ளனர்.

செலவு எவ்வளவு? ஏறத்தாழ 120 கோடி டாலர். பெருந்தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் 2024ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலக நாடுகள் படைக்கெனச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர்! வகுத்துப் பாருங்கள். மனிதன் மனிதனைக் கொல்ல ஆயத்தம் செய்திடும் செலவிலே நான்கு மணி நேரத்துப் பணம், மனிதகுலம் முழுமைக்கும் காவற்பரண் அமைத்திடப் போதும். சோற்றுப் பானையிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை, பெரியவரே! வெடிமருந்துப் பானையிலிருந்து எடுக்கச் சொல்கிறேன்!

கண் மட்டும் போதாது, காதும் வேண்டும். அதற்கும் சான்றுண்டு. செவ்வாய்க் கோளிலே 2018இல் இறங்கிய இன்சைட் கலம், பிரெஞ்சு நாட்டார் அளித்த நிலநடுக்கமானியைத் தரையிலே வைத்துச் செவிமடுத்தது. 2021 டிசம்பர் 24 அன்று பேரதிர்வு ஒன்று கேட்டது. பின்னர் மேலே சுற்றும் வேறொரு கலம் எடுத்த படத்தில், 150 மீட்டர் அகலப் புதுப்பள்ளம்! விண்கல் விழுந்த ஓசையைத்தான் அக்காது கேட்டிருந்தது. அக்காது தந்த குறிப்புகளைக் கொண்டு, 8 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளங்கள் செவ்வாயிலே ஆண்டுதோறும் 280 முதல் 360 வரை உண்டாகின்றன என 2024இல் கணித்தனர். படங்களை மட்டும் பார்த்து எண்ணியதைவிட மிகுதி! கண் தவறவிட்டதைக் காது பிடித்தது.

இன்னொன்றும் கேளுங்கள். அணுகுண்டை எவரேனும் மறைவாக வெடிக்கின்றனரா என்று ஒட்டுக் கேட்பதற்காக உலகெங்கும் அமைத்த செவிகள் உண்டு. செல்யாபின்ஸ்கின் உறுமலைத் தொலைதூரங்களிலும் கேட்டுப் பதிந்தவை அவையே! பகைவனை வேவு பார்க்கப் பிறந்த காது, பொதுப் பகைவனின் குரலைக் கேட்டது. கருவிக்குக் கட்சியில்லை, அதைத் திருப்பி வைக்கும் கைக்குத்தான் கருத்து வேண்டும்.

கண்டும் கேட்டும் என்ன பயன், தடுக்க முடியுமா என்பீர்கள். முடியும்! 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் என்னும் கலம், 160 மீட்டர் அகலமுள்ள டைமார்பஸ் என்னும் கல்லிலே சென்று மோதியது. தன்னினும் பெரிய இணைக்கல்லை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றி வந்த அது, மோதலுக்குப் பின் 32 நிமிடம் குறைவாகச் சுற்றிற்று. பரண்மீது கண் இருந்தால் கவணுக்கும் குறி தப்பாது! விளைவை அருகிருந்து அளந்திட ஐரோப்பியரின் ஹேரா கலம் 2024 அக்டோபரிலே புறப்பட்டது. ஆனால் இவையெல்லாம் பல்லாண்டு முன்கூட்டித் தெரிந்தால்தான் பலிக்கும். வாசலிலே வந்து நிற்கும் கல்லுக்குக் கவண் ஏது?

இது யாரோ எவரோ கவலைப்பட வேண்டியதன்று, தோழர்களே! 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று '2024 ஒய்ஆர்4' என்னும் கல்லைக் கண்டது. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியிலே மோதிட நூற்றுக்கு மூன்று வாய்ப்புண்டு என்று 2025 பிப்ரவரியிலே கணக்குக் காட்டிற்று. விழக்கூடுமெனக் கருதிய பாதை, தென்னமெரிக்காவின் வடபகுதி, ஆப்பிரிக்கா, அரபிக்கடல் எனத் தொடர்ந்து, தெற்காசியா வரை நீண்டது. ஆம், நம் தலைக்கு மேலும்! மேலும் அளந்தனர்; சில நாட்களில் அந்த அபாயம் நீங்கிற்று. ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்து, அகலம் 60 மீட்டர் என்று உரைத்தது. நம் கூரைக்கு வர இருந்த ஆபத்தை அண்டை வீட்டான் எண்ணிச் சொன்னான். நன்றி கூறுவோம். ஆனால் என்றைக்கும் அண்டை வீட்டான் விழிப்பிலேயே நாம் உறங்குவதா? அவன் நிதிநிலை அறிக்கையிலே ஒரு வரி அடிபட்டால் நம் காவலும் அடிபடுவதா? பரணைத் தாங்கும் கால்களிலே ஒன்று நம்முடையதாகவும் இருந்திடல் வேண்டும். இதைக் கேளுங்கள், மேடைதோறும் கேளுங்கள்.

வானத்தைக் காட்டி அச்சம் விற்றோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அச்சத்துக்கு மருந்து எண்ணிக்கை. 2029ஆம் ஆண்டை விண்கல் விழிப்புணர்வு ஆண்டென ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் என்னும் பெருங்கல் 32,000 கிலோமீட்டர் உயரத்திலே கடந்து செல்லும். ஐரோப்பிய, ஆப்பிரிக்க மக்கள் வெறுங்கண்ணாலேயே காண்பர். 2004இல் கண்டுபிடித்தபோது உலகை அச்சுறுத்திய கல் அது. பல்லாண்டுகளாக அளந்து அளந்து, இந்நூற்றாண்டிலே அதனால் தீங்கில்லை என்று உறுதி செய்துவிட்டனர்.

அன்றிரவு குழந்தையைத் தோளிலே தூக்கி, "அதோ பார்!" என்று காட்டிடுவான் ஒருவன். சாளரத்தை விட்டு விலகி ஓட வேண்டியதில்லை. பரண்மீது யாரோ விழித்திருந்தனர் என்பதே அதற்குக் காரணம்.

முதியவரே, உமது பேரப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்த விழிப்பு!