பொன்னாடைக்கு மட்டும்தானா நாங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிப்ரவரி 4-ம் தேதி உலகப் புற்றுநோய் தினத்தையொட்டி நடந்த விழாப் படங்களை உங்கள் இதழில் பார்த்தேன். நோயிலிருந்து மீண்டவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். நானும் அப்படிப்பட்ட மேடைகளில் நின்றவள்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பிழைத்தவள். தைரியமாக இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். பேசுவோம். கைதட்டுவார்கள். டிபன் பொட்டலத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் எந்த ஊரில் எந்த நேரத்தில் சோதனை முகாம் போடுவது, பெண்களிடம் என்ன சொல்லி அழைப்பது, ஆராய்ச்சியில் எதைக் கேட்பது என்று முடிவெடுக்கிற கூட்டத்துக்கு எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அதைக் கண்டித்துத்தான் இந்தக் கடிதம்.

நான் திண்டுக்கல் மாவட்டத்துக்காரி. புற்றுநோய் ஆராய்ச்சியில் எங்கள் மாவட்டத்துக்கு உலகத்திலேயே பெயர் உண்டு என்பது இங்கிருக்கிற பலருக்குத் தெரியாது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கையில் உள்ள சமுதாய மருத்துவமனையும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000-ல் இங்கே ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிக்கிற சோதனை. பயிற்சி பெற்ற நர்சுகளே அதைச் செய்தார்கள். 2007-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. சோதனை நடந்த ஊர்களில் இந்த நோய் 25 சதவீதமும், நோயால் வருகிற சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஏழை நாடுகளில் இந்த நோயை எப்படித் தடுப்பது என்று பேசுகிறவர்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிற ஆய்வு அது. அதைச் சாதித்துக் கொடுத்தவர்கள் காட்டுவேலை செய்கிற எங்கள் ஊர்ப் பெண்கள்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சோதனைக்கு உரியவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். கிட்டத்தட்ட 18,000 பேர் வரவில்லை. இவ்வளவு அக்கறையாக நடந்த வேலையிலேயே இந்த நிலை என்றால், சாதாரண அரசு முகாமின் கதி என்ன? ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். நாட்டின் சராசரி 1.9 என்பதால் நாம் மேல் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். ஆனால் 2030-க்குள் 70 சதவீதம் பெண்களுக்குச் சோதனை முடிந்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

வராத பெண்கள் ஏன் வரவில்லை? “விழிப்புணர்வு இல்லை” என்று ஒரே வரியில் எழுதி அறிக்கையை மூடிவிடுகிறார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. காலை பத்து மணிக்கு முகாம் என்றால் நூறு நாள் வேலைக்குப் போகிறவளும் பூப்பறிக்கப் போகிறவளும் எப்படி வருவாள்? சோதனை அறைக்குத் திரை இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். “உனக்கு எதுக்கு அந்தச் சோதனை, என்ன தப்புப் பண்ணின?” என்று கேட்கிற மாமியார் இருக்கிறார். கோளாறு இருப்பதாகச் சொன்னால் மேல்சிகிச்சைக்குத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போக வேண்டும். துணைக்கு வருகிறவருக்கும் ஒருநாள் கூலி போய்விடும். மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் அம்மாவுக்குக் கேன்சர் என்று ஊரில் பேச்சு வந்துவிடக் கூடாது என்று, வெள்ளைப்படுதலையும் ரத்தப்போக்கையும் மாதக்கணக்கில் மறைத்தவர்களை எனக்குத் தெரியும். சிலர் இப்போது உயிரோடு இல்லை.

இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஒரு பெண் சோதனைக்கு வராமல் தப்பிக்கப் பார்க்கிறாளா, பயப்படுகிறாளா, வரவே முடியாத நிலையா என்பது அவள் வாசலில் நின்று பேசும்போதே எங்களுக்குப் பிடிபட்டுவிடும். “நான் அந்தக் கட்டிலில் படுத்திருக்கேன், வலிக்காது, வா போவோம்” என்று நாங்கள் சொன்னால் வருகிறவள், நோட்டீஸைப் பார்த்து வர மாட்டாள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களோடு எங்களையும் அனுப்புங்கள் என்கிறேன். சும்மா இல்லை, மதிப்பூதியம் கொடுத்து. கூலியை விட்டுவிட்டு வருகிறவளிடம் சேவை மனப்பான்மையைப் பற்றிப் பேசுவது நியாயம் இல்லை.

மக்களை மதிக்காமல் நடக்கிற ஆராய்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்பிவி தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பின்னால் விசாரித்தபோது, 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-ல் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தது தெரிந்தது. சில சிறுமிகள் இறந்துபோனார்கள். தடுப்பூசிதான் காரணம் என்று விசாரணையில் நிரூபணமாகவில்லை; ஆனால் பெற்ற தாய்க்கே தெரியாமல் போட்ட ஊசியை யார் நம்புவார்கள்? 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தச் சந்தேகம் பல வருடம் நீடித்தது. இந்த நோயால் இந்தியாவில் 2022-ல் மட்டும் ஏறக்குறைய 80,000 பெண்கள் இறந்ததாகப் பன்னாட்டு ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. நல்ல மருந்து கையில் இருந்தும் நம்பிக்கையைச் சம்பாதிக்காமல் விட்டதற்கு ஏழைப் பெண்கள் கொடுத்த விலை பெரிது. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. மனதார வரவேற்கிறேன். பள்ளிக்கூடத்தில் தாய்மார்களைக் கூட்டிப் பேசும்போது, இந்த நோயை அனுபவித்த ஒருத்தி அங்கே இருக்க வேண்டும். அவளைவிட யார் தெளிவாகச் சொல்லிவிட முடியும்?

ஆராய்ச்சியில் கேட்கப்படுகிற கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் உயிரோடு இருந்தாளா என்று எழுதிக்கொள்கிறார்கள். எப்படி இருந்தாள் என்று கேட்பதில்லை. கரண்டு வைத்த பிறகு பலருக்குப் பிறப்புறுப்பு இறுகிச் சுருங்கிப்போகும். மூத்திரத்தை அடக்க முடியாமல் கல்யாண வீட்டுக்கே போகாமல் நின்றுவிட்ட பெண்கள் உண்டு. சிலருக்கு மலத்தில் ரத்தம் வரும். நோய் திரும்பிவிட்டதோ என்று ராத்திரி தூக்கம் போகும். தாம்பத்தியம் நின்றுபோனதால் குடும்பமே கலைந்தவர்கள் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு என்று எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரியவந்தது. வெட்கத்தால் நாங்களும் சொல்வதில்லை, அவசரத்தால் அவர்களும் கேட்பதில்லை. ஆய்வுக்கான கேள்வித்தாளைத் தயாரிக்கும்போதே எங்களில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்விகள் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

இது நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் அமைப்பாகத் திரண்டு போராடியதில், 1992-ல் அந்நாட்டு ராணுவத் துறையின் வழியாக 21 கோடி டாலர் ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் எந்த ஆய்வுக்குப் பணம் கொடுப்பது என்று மதிப்பிடும் குழுவில் விஞ்ஞானிகளோடு நோயிலிருந்து மீண்டவர்களும் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறார்கள். நமக்கும் இந்த மரபு புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில்தான் அடையாறு நிலையத்துக்காகப் பாடுபட்டார். 1954-ல் அதைத் தொடங்கியது இந்திய மாதர் சங்கம்.

மருத்துவ ஆய்வுகளுக்கான 2019-ம் வருட விதிகள், ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. அவர் நோயின் கஷ்டம் அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புற்றுநோய் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழுக்களிலாவது அந்த இடத்தை மீண்டவர்களுக்கும் அவர்களைப் பராமரித்த குடும்பத்தாருக்கும் கொடுக்கச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும். ஒப்புதல் படிவம் எங்களுக்குப் புரிகிற தமிழில் இருக்கிறதா என்று நாங்கள் படித்துப் பார்த்துச் சொல்கிறோம். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தில் முகாம்களைத் திட்டமிடும்போது, எங்களில் குறைந்தது இரண்டு பேருக்கு இடம் வேண்டும். அதில் ஒருவராவது கிராமத்துப் பெண்ணாக இருக்க வேண்டும். எங்கள் ஊராட்சியில் ஆய்வு செய்கிறவர்கள், முடிவு என்ன, அதனால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் வந்து சொல்லட்டும். நாங்கள் கேட்கிற கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லட்டும். சுகாதாரத் துறை இதை அடுத்த கிராம சபையிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்.