தோற்ற அணிக்கும் இன்னொரு ஆட்டம் வேண்டாமா?

தை பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் ஊர்களில் சுவரொட்டிகளுக்குக் குறைவிருக்காது. ஒரு ஊரில் கபடி என்றால் பக்கத்து ஊரில் வாலிபால். பங்குனி, சித்திரையில் கோயில் பொங்கல் வரும்போது இன்னொரு சுற்று. மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேர்ந்து, கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நாட்கள் அவை.

அந்தச் சுவரொட்டிகளை நின்று வாசித்தால் எல்லா விவரமும் இருக்கும். முதல் பரிசு எவ்வளவு, அதன் உபயதாரர் யார், நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எந்த எடைப் பிரிவு, நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்பதுவரை. ஒன்று மட்டும் இருக்காது. வருகிற அணிகளில் சரிபாதி ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குத் திரும்பப் போகின்றன என்பதுதான் அது.

கிராமத்துப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில்தான் நடக்கின்றன. தோற்றால் வெளியே. 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டங்கள். அதில் 8 அணிகளுக்கு முதல் ஆட்டமே கடைசி ஆட்டம். 32 அணிகள் வந்தால் 16 அணிகளுக்கு அதே கதி. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வேன் பிடித்து, கட்டணம் கட்டி, பெயர் கூப்பிடும்வரை நள்ளிரவு தாண்டியும் காத்திருந்து, சீட்டுக் குலுக்கலில் பலமான அணியிடம் மாட்டினால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த அணியில் நன்றாகப் பாடிப் போகிற ஒரு பையன் இருந்தால் அவனை யாரும் சரியாகப் பார்த்துக்கூட இருக்க மாட்டார்கள்.

இதே விளையாட்டு, தொலைக்காட்சிக்குப் போனதும் விதி மாறிவிடுகிறது. அங்கே தோற்றவருக்கு வாய்ப்புமேல் வாய்ப்பு.

ஐ.பி.எல் திருத்திக்கொண்ட கணக்கு

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் மே மாதம் வந்தால் எழுதி எழுதிக் கை சலிக்கிற செய்தி, 'பிளே-ஆஃப் போக என்ன வழி?' என்பதுதான். அந்த பிளே-ஆஃப் முறை முதலிலிருந்தே இப்படி இருந்ததில்லை.

2008 முதல் 2010 வரை ஐ.பி.எல்-லில் நேரடி அரையிறுதிதான். முதல் நான்கு இடத்துக்கு வந்த அணிகளில் யார் தோற்றாலும் வெளியே. 2009-ல் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த டெல்லி, நான்காம் இடத்திலிருந்த டெக்கான் சார்ஜர்ஸிடம் அரையிறுதியில் தோற்று மூட்டை கட்டியது. கோப்பை டெக்கானுக்கே போனது. 2010-ல் மூன்றாம் இடத்திலிருந்து வந்த நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ், முதலிடத்திலிருந்த மும்பையை இறுதிப்போட்டியில் வீழ்த்தியது. நமக்குச் சந்தோஷம்தான். ஆனால், ஒன்றரை மாதம் உழைத்து முதலிடம் பிடித்ததற்கு என்ன மரியாதை என்று கேட்டால் பதில் இல்லை.

2011-ல் முறையை மாற்றினார்கள். முதல் இரண்டு இடத்துக்கு வரும் அணிகள் தங்களுக்குள் மோதும். ஜெயித்தால் நேராக இறுதிப்போட்டி. தோற்றால் இன்னொரு வாய்ப்பு. மூன்றாம், நான்காம் இடத்து அணிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா ஃபுட்பால் லீக்கில் 1931-லேயே நடைமுறைக்கு வந்த ஏற்பாடுதான் இது.

பலன் என்ன? 2011 முதல் 2025 வரை 15 சீசன்கள். அதில் 14 முறை முதல் இரண்டு இடங்களில் இருந்த அணியே கோப்பையை வென்றது. விதிவிலக்கு, 2016-ல் மூன்றாம் இடத்திலிருந்து வந்து ஜெயித்த சன்ரைசர்ஸ் ஹைதராபாத் மட்டுமே. 2013 நமக்கு மறக்காது. முதல் தகுதிச் சுற்றில் மும்பையைச் சென்னை தோற்கடித்தது. பழைய முறையாக இருந்தால் மும்பை கதை அங்கேயே முடிந்திருக்கும். இரண்டாவது வாய்ப்பில் ஏறி வந்த மும்பை, இறுதிப்போட்டியில் சென்னையையே வீழ்த்தியது.

இந்த மாற்றத்துக்கு ஐ.பி.எல் கொடுத்த விலை, கூடுதலாக ஒரே ஒரு ஆட்டம். நான்கு அணிகளுக்கு மூன்று ஆட்டங்களாக இருந்தது, நான்கு ஆனது. அவ்வளவுதான்.

எட்டு அணிக்குக் கதவு திறந்த கபடி லீக்

புரோ கபடி லீக் இன்னும் ஒருபடி மேலே போனது. 2025-ல் நடந்த 12-வது சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 18 லீக் ஆட்டங்கள். அதற்குப் பிறகும் மொத்தமுள்ள 12 அணிகளில் 8 அணிகளுக்கு அடுத்த கட்டத்துக்குக் கதவு திறந்திருந்தது.

தமிழ் தலைவாஸ் ரசிகர்களுக்கு இந்த இரண்டாவது வாய்ப்பின் அருமை தெரியும். 2022-ல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே நட்சத்திர ரெய்டர் பவன் செராவத் காயமடைந்து வெளியேறினார். தொடக்கத்தில் தடுமாறிய அணி, மெல்ல மெல்லத் தேறி, முதல்முறையாக பிளே-ஆஃப் வந்தது. எலிமினேட்டரில் யு.பி யோதாஸுடன் ஆட்டம் சமனாகி, டை-பிரேக்கரில் ஜெயித்து அரையிறுதிவரை போனது. லீக் என்ற ஏற்பாடு இல்லாமல் நாக்-அவுட்டாக இருந்திருந்தால், அந்த அணியின் மீட்சியை நாம் பார்த்தே இருக்க மாட்டோம்.

18 ஆட்டம் ஆடி, தங்கள் திறமையைக் காட்டிவிட்ட அணிகளுக்கு மறுபடியும் வாய்ப்பு. ஒரு ஆட்டம்கூட முழுதாக ஆடிப் பழகாத 17 வயதுப் பையனுக்கு ஒரே வாய்ப்பு. இது தலைகீழ் கணக்கு இல்லையா? தேர்ந்த ஆட்டக்காரரைவிட, வளர்கிற பிள்ளைக்குத்தான் தோற்றபின் எழுந்து ஆட இன்னொரு களம் தேவை.

முதல் சுற்றில் தோற்று, பதக்கத்தோடு வந்தவர்

தோற்றவருக்கு எதற்கு இன்னொரு வாய்ப்பு என்று கேட்பவர்கள் ஒலிம்பிக் மல்யுத்தத்தைப் பார்க்கலாம். அங்கே, உங்களை வீழ்த்தியவர் இறுதிப்போட்டிக்குப் போய்விட்டால், வெண்கலத்துக்காகப் போராட உங்களை மறுபடியும் அழைப்பார்கள். பலமான ஆளிடம் சீக்கிரமே மாட்டிக்கொண்டது உங்கள் குற்றமில்லை என்பதுதான் இந்த விதியின் அர்த்தம்.

2008 பெய்ஜிங்கில் சுஷில் குமார் முதல் சுற்றிலேயே தோற்றார். அவரை வென்ற உக்ரைன் வீரர் இறுதிக்குப் போனதால், சுஷிலுக்கு வாய்ப்பு திரும்பி வந்தது. வரிசையாக மூன்று பேரை வீழ்த்தி வெண்கலம் வென்றார். 1952-ல் கே.டி.ஜாதவ் வாங்கிய பதக்கத்துக்குப் பிறகு மல்யுத்தத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2012 லண்டனில் யோகேஷ்வர் தத், 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக் இருவரும் இதே வழியில்தான் வெண்கலம் கொண்டுவந்தார்கள். மூவரும் நம் ஊர் நாக்-அவுட்டில் ஆடியிருந்தால், சாயங்காலமே வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

16 அணி, 22 ஆட்டம்

சரி, ஊர்ப் போட்டியில் இதை எப்படிச் செய்வது? லீக் முறை வைத்தால் செலவு தாங்காது. 16 அணிகளை நான்கு பிரிவாகப் பிரித்து லீக் நடத்தினால், அரையிறுதி, இறுதியெல்லாம் சேர்த்து 27 ஆட்டங்கள் வரும். ஒரே நாளில் முடியாது.

இன்னொரு வழி இருக்கிறது. செவன்ஸ் ரக்பி போட்டிகளில் வெகுகாலமாகப் பின்பற்றும் வழி. முக்கியக் கோப்பை ஒன்று, அதில் பின்தங்கிய அணிகளுக்குத் தனியாக இன்னொரு சிறிய கோப்பை. எம்.ரெட்டியபட்டியில் 16 அணிகளை வைத்து ஒரு கபடிப் போட்டி நடப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் தோற்கிற 8 அணிகளையும் அனுப்பிவிடாமல், அவர்களுக்குள் தனி நாக்-அவுட் வைத்தால் கூடுதலாக 7 ஆட்டங்கள். மொத்தம் 22. வந்த ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம் உறுதி.

நேரம்? இடைவெளியோடு சேர்த்து ஆட்டத்துக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள். வழக்கம்போல மாலை 6 மணிக்குத் தொடங்கி 15 ஆட்டங்கள் நடத்தினால் இரவு ஒன்றரை ஆகிவிடும். மதியம் 2 மணிக்கே தொடங்கினால், முதல் சுற்றின் 8 ஆட்டங்களும் விளக்கு வெளிச்சம் இல்லாமலேயே 6 மணிக்கு முடிந்துவிடும். மீதி 14 ஆட்டங்களை, பெரிய கோப்பைக்கு ஒன்று, சின்னக் கோப்பைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி நடத்தினால் இரவு ஒரு மணிக்கு எல்லாம் முடியும். 7 ஆட்டம் கூடுதலாக நடத்தியும் பழைய நேரத்தைவிட அரை மணி முன்னதாக! ஜெனரேட்டர் ஓடும் நேரமும் கூடாது. அடுத்தடுத்து ஆடவேண்டிய அணிகளுக்கு மூச்சுவிட இடைவெளியும் கிடைக்கும். தை மாத வெயில் தாங்கும். சித்திரையில் வைத்தால் மட்டும் தொடக்க நேரத்தைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம்.

சின்னக் கோப்பைக்குப் பெரிய பரிசு வேண்டியதில்லை. ஒரு கேடயமும், கட்டிய நுழைவுக் கட்டணமும் திரும்பக் கிடைத்தாலே போதும். பெரிய கோப்பையைவிட அது சிறியதாக இருப்பதுதான் நல்லதும்கூட. சிறிய கோப்பையே லாபம் என்று நினைத்து யாரும் வேண்டுமென்றே தோற்கக் கூடாதல்லவா? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பேட்மின்டன் பெண்கள் இரட்டையரில், அடுத்த சுற்றில் சுலபமான எதிரணி கிடைப்பதற்காக வேண்டுமென்றே தோற்க முயன்ற நான்கு ஜோடிகளைத் தகுதிநீக்கம் செய்தார்கள். போட்டி முறையை யோசிக்காமல் வைத்தால், ஆட்டக்காரர்களும் தப்பு வழி தேடுவார்கள் என்பதற்கு அது பாடம்.

'தோத்தா வெளியே என்பதில்தானே பரபரப்பே இருக்கு' என்பார்கள் ரசிகர்கள். அது போய்விடாது. பெரிய கோப்பையில் அதே பரபரப்பு அப்படியே இருக்கும். தோற்ற அணிகளும் ஊரை விட்டுப் போகாமல் இருப்பதால் இறுதிப்போட்டிக்குக் கூட்டமும் நிற்கும். கூடுதலாக விசில் ஊதும் நடுவர்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு நியாயமான செலவு.

பள்ளிக்கூடத்திலும் இதே கதை

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பள்ளிக் குழு விளையாட்டுகளில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏற வேண்டும். 14, 17, 19 என்று வயது வரம்பு வேறு. குறுவட்டத்தில் ஒரு நாக்-அவுட் ஆட்டத்தில் தோற்றால், அந்த வருடமே முடிந்தது. அடுத்த வருடம் வயது தாண்டியிருக்கும், அல்லது பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று வீட்டில் விடமாட்டார்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், அரசு வேலை என்று பல வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மேல்மட்டப் போட்டி. மேல்மட்டத்துக்கு இந்த ஒரு ஆட்டம். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பி, 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் போன்றவர்கள் இந்த வறண்ட பூமியில் இன்னும் எத்தனை பேரோ! ஆட்டத்தில் நின்றால்தானே தேர்வாளர் கண்ணில் படமுடியும்?

ஐ.பி.எல் ஒரு ஆட்டத்தைக் கூட்டி, முதலிடம் பிடித்தவருக்கு நியாயம் செய்தது. நம் ஊர்க் கமிட்டிகள் ஏழு ஆட்டங்களைக் கூட்டினால், முதல் சுற்றில் தோற்றவருக்கு நியாயம் கிடைக்கும். வருகிற பொங்கலுக்குச் சுவரொட்டி அடிக்கப் போகிறவர்கள், முதல் பரிசுக்குக் கீழே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்: 'ஒவ்வொரு அணிக்கும் இரண்டு ஆட்டம் உறுதி.'

பக்கத்து ஊர்ப் பையன்கள் அந்தச் சுவரொட்டி முன்னால்தான் முதலில் வந்து நிற்பார்கள்.